யாருடைய கோபத்துக்கு மார்க்?

கவிதையை, கதையைப் படிக்கிற மாதிரி ஒரு கேள்வித்தாளையும் பிரதியாக வைத்துப் படிக்கலாம். அதற்குள்ளேயும் ஒரு 'நான்' பேசுகிறது. அந்த 'நான்' யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று கேட்கலாம். இங்கே நான் படிக்க எடுத்துக்கொள்வது, மனுசனின் மூர்க்க குணத்தை அளப்பதாகச் சொல்லும் பன்னிரண்டே வரி.

1992இல் அர்னால்ட் பஸ், மார்க் பெர்ரி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 29 வரிகளில் ஓர் அளவுகோல் செய்தார்கள். அடிதடி, வாய்ச்சண்டை, கோபம், பகைமை என்று நாலு பகுதி. பதில் சொன்னவர்கள் 1,253 கல்லூரி மாணவர்கள். 2001இல் பிரையன்ட், ஸ்மித் இருவரும் அதைப் பகுதிக்கு மூன்றாகச் சுருக்கினார்கள். நம்மைப் பற்றி நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

கோட்டூர்புரம் போர்டு வீடுகளில் நான் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஆய்வு மாணவி ஒருவர் இந்தத் தாளைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். நல்ல பெண், பொறுமையாக விளக்கினார். பையன்கள் அடிதடி வரிகளுக்குச் சிரித்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று போட்டார்கள். (வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன போடுவான்? இது இந்த முறையின் பழைய ஓட்டை, அளப்பவர்களுக்கும் தெரியும்.) பகைமைப் பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. வாழ்க்கையில் எனக்கு அநியாயம் நடந்ததாகத் தோன்றுவது, நல்ல வாய்ப்பெல்லாம் மற்றவர்களுக்கே போவது, மனசு ஏன் இப்படிக் கசக்கிறது என்று நினைப்பது: இவைதான் அந்த மூன்றும். "தோணுறது என்னக்கா, நடந்துச்சுல்ல?" என்றான் ஒருவன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப்போட்ட அவன் அத்தை வீட்டைச் சொன்னான். அஞ்சு போட்டான்.

அந்த அஞ்சு என்னவாகிறது? பகைமைக் கணக்கில் கூடுகிறது. நடந்ததைச் சொன்னவனையும் நடக்காததை நினைத்துப் புழுங்குகிறவனையும் பிரித்துப் பார்க்க இந்தத் தாளில் இடமே இல்லை. சாட்சியம் சொல்ல வந்தவனின் சாட்சியம் அவன் குணமாகப் பதிவாகிறது. 29 வரித் தாளிலோ, உரிமையைக் காக்க வன்முறைதான் வழி என்றால் அதையும் செய்வேன் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அது அடிதடிப் பகுதியில் சேர்கிறது. உரிமையை யார் பறித்தது என்ற கேள்வி எந்தப் பகுதியிலும் இல்லை.

கண்ணசைத்தால் ஆள் ஓடுகிற ஒரு பண்ணையார் இதை நிரப்பினால்? நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. வாக்குவாதம் பண்ணுவதில்லை (எதிர்த்துப் பேச ஆள் ஏது?). வாழ்க்கையில் எனக்கு அநியாயம் நடக்கவில்லை. எல்லாத்துக்கும் ஒன்று. தங்கமான மனுசன்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் மிராசுதார்களை விடுவித்த சென்னை உயர்நீதிமன்றம், இவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. கேள்வித்தாள் இல்லாமலேயே போட்ட மார்க் அது.

பஸ்ஸும் பெர்ரியும் தனி ஆளுக்கு முத்திரை குத்த இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூறு, ஆயிரம் பேர் பதிலைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வுக் கருவி. அதற்குப் பயன் உண்டு. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, மேலே பேரும் வகுப்பும் எழுதப்படும்போதுதான் விஷயம் மாறுகிறது. எந்தப் பையனுக்குக் கவுன்சலிங், எவன் மேல் ஒரு கண் என்பதை அந்தக் கூட்டல் தொகை முடிவு செய்யத் தொடங்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சக தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அது பையன்களின் சுபாவத்தோடு நிற்கவில்லை. பள்ளிப் பெயரில் உள்ள சாதியை, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றை, அந்த வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதிக்காரரே தலைமை ஆசிரியராக இருப்பதைக் கேட்டது. இதில் எதையும் ஒரு பையன் தன்னைப் பற்றிப் போடும் ஒன்றிலும் அஞ்சிலும் பார்க்க முடியாது.

அந்த மூன்று வரிக்குக் கீழே 'என்ன நடந்தது?' என்று எழுத ரெண்டு கோடு விடச் சொன்னேன். "எழுதினா கூட்ட முடியாதே சார், கைடு ஒத்துக்க மாட்டார்" என்றார் மாணவி. சரி என்று தாள்களைக் கொடுத்தோம். பேர் எழுதியிருந்த மேல்பகுதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டோம்.