ஏடு முடியும் இடம்

ஹட்டனுக்கு அப்பால், கொழுந்து மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு தோட்டப் பாடசாலை. சனிக்கிழமை பின்னேரம். 7ஆம் தரத்துப் பையன் ஒருவன் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்து முதல் எட்டு நகர்த்தல்களை மளமளவென்று ஆடினான். ஒன்பதாவதில், எதிரே இருந்த சிறுமி ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் தள்ளினாள். பையனின் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தவன் என் பக்கம் திரும்பி, "இவ நான் பாத்தத ஆடல சேர்" என்றான்.

கைத்தொலைபேசியில் அவன் மனப்பாடம் செய்த வரிசையில் அந்தக் காலாள் இல்லை. எவ்வளவைப் படித்து வைப்பது, எங்கிருந்து சொந்தமாக யோசிப்பது என்ற இந்தச் சங்கடம் அவனுக்கு மட்டும் உரியதல்ல. சதுரங்க நிரல்களை எழுதியவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள், எதைத் தரம் என்று வைத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளின் சதுரங்க மலரில் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

கணினிச் சதுரங்கத்துக்கு அடிப்படை போட்டவர் குளோட் ஷானன். 1950இல் வெளியான கட்டுரையில் அவர் இரண்டு வழிகளைக் காட்டினார். எல்லாக் கிளைகளையும் ஓர் ஆழம்வரை துழாவுவது ஒன்று. தேவையான சில கிளைகளை மட்டும் தேர்ந்து ஆழமாகப் போவது மற்றது. நடு ஆட்டத்தில் ஒரு நிலைக்குச் சராசரியாக 30க்கு மேற்பட்ட நகர்த்தல்கள் உண்டு. இருவரும் இரண்டிரண்டு முறை ஆடுவதற்குள் கிளைகள் பத்து இலட்சத்தை ஒட்டிவிடும். ஐந்தாவது நகர்த்தலில் செய்த பிழையின் வலி இருபத்தைந்தாவதில்தான் தெரியும் என்றால், அவ்வளவு தூரம் பார்க்க அக்காலத்து இயந்திரங்களுக்குக் கண் ஏது?

ஆகவே ஏடு கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓப்பனிங் புக் என்று சொல்வது இதைத்தான். இன்ன நிலை வந்தால் இன்ன நகர்த்தல் என்று சொல்லும் பட்டியல். ஏட்டில் இருக்கும்வரை யோசனை வேண்டாம், கடிகாரமும் கரையாது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ காண்டனோடு சேர்ந்து பெல் என்ற இயந்திரத்தை உருவாக்கிய கென் தாம்ப்சன், தொடக்க ஆட்டக் களஞ்சிய நூல்களைப் பார்த்து வரிசை வரிசையாகத் தம் கையாலேயே தட்டச்சு செய்து ஏற்றினார். யூனிக்ஸைப் படைத்த மனிதர் அவர். எழுத்துப் பிள்ளையைப் போல உட்கார்ந்து பிரதி எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது. 1983இல் பெல், மாஸ்டர் தகுதியை எட்டிய முதல் இயந்திரமாயிற்று.

ஆனால் ஏட்டுக்கு ஒரு குறை உண்டு. எழுதியவர் ஒருவர், ஆடுவது வேறொன்று. மாஸ்டர்கள் பத்து நகர்த்தல்களில் ஒரு திட்டத்தோடு குதிரையை முன்னே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். ஏடு முடிந்த மறு நிமிடமே நிரல் அந்தக் குதிரையைப் பழைய கட்டத்துக்கே கூட்டிவந்துவிடும். கொண்டுவந்து இறக்கிவிட்ட இடம் நல்ல இடம்தான். எதற்காக இறக்கிவிட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இந்தப் பிளவை அடைக்க நடந்த முயற்சிகளில் என் மனத்தில் நிற்பது ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ. 1997 மே மாதம் உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று அது வென்றதை எல்லோரும் சொல்வார்கள். விநாடிக்கு 20 கோடி நிலைகள்வரை பார்த்தது என்பதையும் சொல்வார்கள். அதன் ஏட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஜோயல் பெஞ்சமின் முதலிய கிராண்ட்மாஸ்டர்கள் கையால் அமைத்த ஏட்டில் இருந்தவை ஏறத்தாழ 4,000 நிலைகள்தாம். அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது: 7 இலட்சம் ஆட்டங்களிலிருந்து திரட்டிய விரிவேடு. இந்த விரிவேடு பெரும்பாலும் கட்டளை போடாது. ஒரு நகர்த்தலை எத்தனை பேர் ஆடினார்கள், ஆடியவர்கள் எவ்வளவு வல்லவர்கள், அண்மைக் காலத்தில் ஆடினார்களா, முடிவு என்ன ஆயிற்று என்று பார்த்து, அதற்குச் சிறிது மதிப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதன்பிறகு இயந்திரம் தானே தேடி முடிவெடுக்கும். சான்று மிகத் தெளிவாக இருந்தால் மட்டும் தேடாமலே ஆடும். மூத்தவர்களின் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் கண்ணாலும் பார்த்து ஆடுவது இது. ஏட்டையும் தேடலையும் இணைத்த முறைகளில் இதைவிட நயமானதை நான் அறியேன்.

அதே போட்டியின் கடைசி ஆட்டம் இதற்கு நேர் எதிரானது. காஸ்பரோவ் காரோ கான் தற்காப்பை ஆட, டீப் புளூ குதிரையைப் பலிகொடுத்தது. அது தேடிக் கண்டுபிடித்த பலியல்ல, ஏட்டில் இருந்தது. அந்த நகர்த்தலை அன்று காலையில்தான் ஏட்டில் சேர்த்ததாக, குழுவில் இருந்த மிகெல் இல்லெஸ்காஸ் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. பலிகொடுத்த கை மனிதருடையது. அதன்பின் விடாமல் நெருக்கிய கை இயந்திரத்தினுடையது.

பிறகு வந்தது ஏடு எழுதுவோரின் காலம். ஃபிரிட்ஸுக்கு அலெக்சாண்டர் குரே, ரிப்காவுக்கு யெரோன் நூமன் என்று ஒவ்வொரு நிரலின் பின்னாலும் ஓர் ஏட்டாசிரியர் இருந்தார். எதிரியின் ஏட்டில் ஓட்டை தேடி, அதற்கென்றே வரிசை தயாரித்து வருவார்கள். சில ஆட்டங்களில் ஏடு முடியும்போதே வெற்றி தோல்வியும் முடிந்திருக்கும். உழைப்பு பெரிதுதான். ஆனால் எந்த நிரல் நன்றாக யோசிக்கிறது என்பதை அந்த ஆட்டங்களைக் கொண்டு யாராலும் சொல்ல முடியவில்லை.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸீரோவை அறிவித்தது. ஏடு இல்லை, மனிதர் ஆடிய ஓர் ஆட்டமும் இல்லை. விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே 4 கோடியே 40 இலட்சம் ஆட்டங்கள் ஆடிக் கற்றது. ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமநிலை, தோல்வி இல்லை. விநாடிக்கு ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி நிலைகளைப் பார்க்க, இது பார்த்தது 80 ஆயிரம். ஸ்டாக்ஃபிஷின் கையில் ஏடு கொடுக்காமல் ஆடவிட்டது நியாயமா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் ஏட்டோடும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஆல்ஃபாஸீரோவே வென்றது.

என்னை ஈர்த்த செய்தி வேறு. கற்கும் காலத்தில் அது பிரெஞ்சுத் தற்காப்பைச் சிலகாலம் ஆடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. குயின்ஸ் கேம்பிட்டை, மனிதர் யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானே வந்தடைந்தது. ஏடே இல்லாத நிரல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் ஏடு கரைந்து இரத்தத்தில் கலந்திருக்கிறது.

நம் தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கர் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அரைத்த கொழுந்து எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று எழுதிய கணக்கு உண்டு. மாசி மாதத்துக் காய்ந்த குளிரிலும் ஆடி மழையிலும் அந்தக் கணக்கு ஒன்றாக இராது. ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய்ப் பதம் பார்த்துத்தான் அடுப்புக்கு விடுவார்கள். கணக்குத் தெரியாதவருக்கு மூக்கு மட்டும் உதவாது. பல ஆண்டுகளாகக் கணக்கோடு சேர்த்து மோந்து மோந்துதான் அந்த மூக்கு பழகியது.

இன்றைய ஸ்டாக்ஃபிஷ் தனக்கென்று ஏடு எதையும் சுமப்பதில்லை. 2020இல் நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்ட பிறகு அதன் மதிப்பீடு இன்னும் கூர்மையானது. இப்போதைய சிக்கல் வேறு. தலைசிறந்த இரண்டு நிரல்களைத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் பெரும்பாலும் சமநிலைதான். ஆகவே டிசெக் என்னும் நிரல்களுக்கான போட்டியில் நடத்துபவர்களே தொடக்கத்தைக் குறித்துக் கொடுக்கிறார்கள். சற்றுக் கோணலான, ஒரு பக்கம் தாழ்ந்த நிலைகளாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே நிலையை இரு நிரல்களும் இரு நிறத்திலும் ஆட வேண்டும். அந்த இறுதிச் சுற்றுகளுக்கான தொடக்கங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர்களில் ரிப்காவின் ஏட்டாசிரியர் நூமனும் ஒருவர். ஒரு காலத்தில் தன் பிள்ளைக்கு மட்டும் வழி காட்டியவர், பின்னாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வினாத்தாள் தயாரித்தார்.

மனிதரின் பள்ளிகளுக்கு வந்தால், நமக்கு அருகில் சென்னை இருக்கிறது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரன் 1972இல் அங்கே தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்தார். ஆனந்தின் தலைமுறை கணினியையும் அரவணைத்துக்கொண்டது. 2012 உலகப் போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்த ஆய்வு, 2013 ஜனவரியில் விக் ஆன் சேயில் அரோனியனுக்கு எதிராக அவருக்குக் கைகொடுத்தது. அந்த 23 நகர்த்தல் ஆட்டத்தை நம் பிள்ளைகள் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குகேஷ் வேறு வழியாக வந்தவர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் 2500 புள்ளிகளை நெருங்கும்வரை எஞ்சின் எனப்படும் சதுரங்க நிரலை அண்டவிடவில்லை. முதலில் சொந்தமாகக் கணக்கிடு, இயந்திரத்தைப் பிறகு கேட்கலாம் என்பது அவர் முறை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம், எந்த ஏடும் எட்டாத 55ஆவது நகர்த்தலில்தான் திரும்பியது. சில காலாட்களும் ஆளுக்கொரு கோட்டையும் பிஷப்பும் மட்டுமே மிஞ்சியிருந்தன. டிங் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அது பிழை என்பதைப் பலகைக்கு முன்னால் இருந்தே கண்டு, 18 வயதில் உலகப் பட்டத்தை வென்றார் குகேஷ்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்கு ஏட்டின் கடைசி நிலையைப் பலகையில் வைத்துக் கொடுக்கிறேன். அங்கிருந்து தொடங்க வேண்டும். முடிந்ததும் பலகையைத் திருப்பி, நிறம் மாற்றி, அதே நிலையை மறுபடி ஆட வேண்டும். எஞ்சினைத் திறப்பது அதற்குப் பிறகுதான். அன்று தவித்து நின்ற பையன் போன வாரம் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தான். அந்த ஓரத்துக் காலாளின் மேல் விரலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு ஒரு கட்டம் தள்ளிவிட்டு, சிறுமி என்ன செய்வாள் என்று காத்திருந்தான்.