பெயரும் எண்ணும்: இணையக் குழுக்களில் நன்மதிப்பின் இயல்பு

வாவி சூழ்ந்த புளியந்தீவிலிருந்து பாலம் கடந்து மட்டக்களப்பின் ஊர்களுக்குச் செல்வோர், ஓர் அண்ணாவியாரின் புகழ் எவ்வாறு எழுகின்றது என்பதை அங்கே நேரிற் காணலாம். சட்டம் கொடுத்த நாள் தொடங்கிக் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகளில் அவர் இளைஞரைப் பழக்குகின்றார். வட்டக்களரியில் அரங்கேறும் இரவிலே தாளம் சிறிது பிசகினும் சுற்றியிருப்போர் உடனே அறிவர். அவர்களிற் பலர் தாமும் ஒரு காலத்திற் சதங்கை கட்டியவர்கள். அத்தகையோரிடம் பெற்ற பெயரே அயலூரார் அவரைத் தேடிவரக் காரணமாகின்றது. பிறரிடத்துப் பெற்ற உறவும் மதிப்பும் பணம்போல் முதலாகிப் பயன்தருதலைச் சமூக மூலதனம் என விளக்கினார் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் பியர் பூர்தியு. அண்ணாவியாரிடம் இருப்பதும் அதுவே.

இணையத்திற் கூடித் தொழில் செய்யும் குழுக்களிலும் இம்மூலதனம் உண்டு. 2003ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா இதற்குத் தக்க சான்றாகும். ஊதியம் இன்றி எழுதுவோரே அதனை வளர்த்தனர். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்நாளில், எச்சொல்லைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகின்றன. உரையாடற் பக்கத்தில் ஐயம் எழுப்புவோர்க்கு விடையிறுத்தல் வேண்டும். நிருவாகப் பொறுப்பும் உடன் உழைப்போரின் இசைவினாலேயே கிட்டுகின்றது. தொடக்க ஆண்டுகளிற் பெரும்பாரத்தைத் தாங்கிய ஈழத்தவரான இ. மயூரநாதன், தொழிலாற் கட்டடக்கலைஞர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. களரிக்குள் எழுந்த பெயர் களரிக்கு வெளியேயும் மதிக்கப்பட்டதற்கு அஃது எடுத்துக்காட்டாகும்.

ஆயினும் பெயரை எண்ணால் அளக்கப் புகும்போதுதான் இடர் தோன்றுகின்றது. ஒரு காற்புள்ளியைத் திருத்தினும் தொகுப்பு ஒன்று. பல நாள் நூல் தேடி எழுதிய கட்டுரையை ஒருமுறை சேமிப்பினும் தொகுப்பு ஒன்றே. தொகுப்பெண்ணிக்கையால் மட்டும் உழைப்பை அறிய முயல்வது, மிதித்த அடிகளை எண்ணிக் கூத்தனை மதிப்பிடுவது போன்றது. 2009ஆம் ஆண்டையொட்டிக் கூகிள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் முதலிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களிற் சேர்க்கலாயிற்று. கட்டுரைகள் பெருகின. ஆயினும் நடை இடறிற்று. தமிழர் தேடும் பொருள்கள் பல விடுபட, அயலார்க்கு உவந்தவை முன்வந்தன. உரையாடற் பக்கத்திற் கேட்ட வினாக்களுக்கு விடை வருதலும் அரிதாயிற்று. வங்காள விக்கிப்பீடியர் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர் குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரிற் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துரைத்தனர். எண்ணிக்கை ஒன்றே அளவாயின் அவர்கள் மகிழ்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் காத்தது எண்ணிக்கையை அன்று. கேட்டால் விடை சொல்வோர் உளர் என்னும் நம்பிக்கையை.

சிலாசுடாட் என்னும் அமெரிக்கத் தளம் பயனரின் நன்மதிப்பை முதலில் எண்ணாகவே காட்டிற்று. எண்ணை உயர்த்துவதே விளையாட்டாகிவிட, அதனை மறைத்துச் சொல்லால் மட்டும் தரம் குறித்தது. ஈபே வணிகத்தளத்திலோ, பழிக்குப் பழியாக மதிப்பெண் குறைக்கும் வழக்கம் மிகுந்தமையின், விற்போர் வாங்குவோரைக் குறைகூறும் உரிமை 2008இல் நீக்கப்பட்டது. நடுவர்க்கும் அச்சம் உண்டாயின் தீர்ப்புக்கு என்ன பெறுமதி?

அண்ணாவியாரை ஊர் முகத்தாலும் அறியும். இணையத்திலோ முகம் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் இறையியற் பேராசிரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்டு உயர்பொறுப்பு எய்திய ஒருவர், பட்டம் ஏதுமற்ற 24 வயது இளைஞர் என்பது 2007இல் வெளிப்பட்டது. கட்டுரைப் பூசல்களில் அப்போலிப் பட்டத்தை அவர் வாதத்துக்குத் துணையாகக் கொண்டிருந்தார் என்பதே பெருங்குற்றம். பட்டங்களைச் சரிபார்க்கும் முறை வேண்டும் என நிறுவனர் சிம்மி வேல்சு முன்மொழிந்தார். குழு அதனை ஏற்கவில்லை. எழுதுவோர் எவராயினும் ஆதாரம் காட்டுக என்னும் பழைய விதியே நிலைத்தது. அவ்விளைஞர் செய்த பல்லாயிரம் தொகுப்புகளும் அவர் பெயருடன் வரலாற்றுப் பக்கங்களில் இன்றும் கிடக்கின்றன.