கம்பனித் தளமும் நூற்குற்றமும்

நூல் ஒன்றை ஆராயப் புகுவோர் அதன் பொருளை மாத்திரம் நோக்கி அமைவதில்லை. அப்பொருள் எவர்க்குச் சொல்லப்பட்டது, எம்முறையில் வைக்கப்பட்டது, கற்போர் உள்ளத்தில் எவ்வாறு பதிகின்றது என்பனவற்றையும் உடன் நோக்குவர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்தது இக்கருத்துப் பற்றியே. அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்த ஆறுமுக நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில் அவ்வளவைகள் கற்றோர்க்குப் புதியனவல்ல. ஆயினும், செய்யுளுக்கும் உரைநடைக்கும் அவற்றைப் பிரமாணமாகக் கொண்டோர், இக்காலத்திற் பலரது பொருளையும் வாழ்வையும் பிணித்து நிற்கும் வேறோர் எழுத்தை அவ்வாறு ஆராய முற்பட்டது அரிது. அவ்வெழுத்தாவது, பொதுமக்களின் பணத்தைப் பங்காகவும் வைப்பாகவும் பெற்றுக்கொண்ட கம்பனிகள் தம் இணையத்தளங்களில் முதலீட்டாளர்க்கென எழுதிவைக்கும் பக்கங்களாம்.

கம்பனியின் தளத்தைக் கலைக்கண்கொண்டு ஆராய்வது மிகையன்றோ எனின், அன்று. காவியத்திற் குற்றமிருப்பின் கற்போன் இன்பத்தை இழப்பான். இவ்வெழுத்திற் குற்றமிருப்பின் கற்போன் தன் முதுமைக்கெனச் சேர்த்த பொருளையே இழத்தல் கூடும்.

மருதனார்மடத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எண்ணிக்கொள்க. அவர் வீட்டுக்கு அணித்தாகக் காங்கேசன்துறை வீதியோரத்தில் மரக்கறிச் சந்தை உளது. அங்கே கத்தரிக்காய் வாங்கச் செல்லும்போது அவர் மூட்டையின் மேலே அடுக்கியிருக்கும் காயை மாத்திரம் கண்டு விலை பேசுவதில்லை. கையை உள்ளே செலுத்தி அடியிலுள்ள காயையும் புரட்டிப் பார்த்த பின்னரே பணத்தை எடுப்பார். அதே அம்மையார் தம் பணிக்கொடையின் ஒரு பகுதியைக் கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் பங்கில் இட எண்ணும்போது புரட்டிப் பார்ப்பதற்கு அவர்முன் யாதுளது? கைத்தொலைபேசியில் தோன்றும் அக்கம்பனியின் பக்கம் ஒன்றே உளது. அப்பக்கம் மூட்டையின் அடிவரை கை செல்ல இடந்தருகின்றதா, மேற்காயை மாத்திரம் காட்டுகின்றதா என்பதே கம்பனித் தளம் ஒன்றைத் திருத்தியமைப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. வண்ணமும் வடிவும் அதன் பின்னரே வைத்தெண்ணத்தக்கன.

முற்காலத்தில் இத்தேவை இவ்வளவிற் பெரிதாக இருக்கவில்லை. 1896 இல் கொழும்பிற் பங்குத் தரகர் சங்கம் தோன்றிய ஞான்று, பங்குகளை வாங்கியோரும் விற்றோரும் பெரும்பாலும் தோட்டத்துறையோடு தொடர்புடைய ஒரு சிறு வட்டத்தினர். கம்பனியை நடத்துவோர் இன்னார் என்பதையும் தோட்டத்தின் விளைவு இத்துணைத்து என்பதையும் அவர்கள் நேரே அறிவர். இன்றோ கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை உண்டு. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசி வழியாகப் பங்குக் கணக்குத் தொடங்கவும் வழி பிறந்துளது. வாசல் அகன்றது, வருவோர் தொகையும் பெருகியது. ஆயின் வருவோருக்கும் கம்பனிக்கும் இடையே முன்னிருந்த நேரறிவு அகன்றுவிட்டது. அவ்விடத்தை நிரப்பும் கடன் எழுத்தின்மேற் சுமந்துளது.

அக்கடன் நிறைவேறாதவிடத்து விளையும் தீங்கிற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1940 இல் தொடங்கப்பெற்ற த பினான்ஸ் கம்பனி இலங்கையின் பழைய நிதிக் கம்பனிகளுள் ஒன்று. 2008 இல் அது சார்ந்திருந்த வணிகக் குழுமத்திற்கு நேர்ந்த நெருக்கடியின் பின்னர் அது நிலைகுலைந்தது. 2020 மே 22 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி அதன் அனுமதிப்பத்திரத்தை நீக்கியது. அக்காலத்தில் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் ஒருவர்க்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 6 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட வைத்திருந்தோர் எஞ்சிய தொகைக்குக் காத்திருக்க நேர்ந்தது. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், அக்கம்பனியின் மூலதனக் குறைவு ஒருநாள் இரவில் முளைத்ததன்று. பல ஆண்டுகளாகக் கணக்குகளிற் பதிவாகியே இருந்தது. செய்தி இருந்தது, வாசகரை அடையவில்லை. எழுதப்படுதலும் சென்றடைதலும் வேறுவேறு என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனிப் பெரும்பாலான கம்பனித் தளங்களின் அமைப்பை நன்னூலார் அளவைகொண்டு நோக்குவாம். தளத்தைத் திறந்ததும் திரை நிறைய அசையும் படமொன்று தோன்றும். கடலோ மலையோ சிரிக்கும் குழந்தையோ அதில் இடம்பெறும். அதன்கீழே தொலைநோக்கு, பணிக்கூற்று, பெற்ற விருதுகள் ஆகியன வரிசையாக நிற்கும். வந்தவர் கேட்டதோ சென்ற காலாண்டில் இலாபமா நட்டமா என்பது. கேட்டதை விடுத்துப் பிறிதொன்றைப் பரப்புதலை மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின்பாற்படுத்தாது வேறெதன்பாற்படுத்துவது?

அடியிலே சிறிய எழுத்தில் 'முதலீட்டாளர் தொடர்பு' என்றொரு வாயில் காணப்படும். அதனுட் புகுந்தால் முந்நூறு பக்கத்திற்கு மேற்பட்ட ஆண்டறிக்கை ஒரே கோப்பாகக் கிடக்கும். தலைவர் உரையிற் கூறியதே நிறைவேற்று அதிகாரி உரையிலும், அவ்விரண்டிலும் கூறியதே முகாமைத்துவ ஆய்விலும் மீள வருமாயின் அது கூறியது கூறல். நட்டத்தைச் 'சவாலான சூழல்' என்னும் இரு சொல்லுள் அடக்கி, தொகை கூறாது செல்லின் அது குன்றக் கூறல். ஓரிடத்திற் குழுமத்தின் இலாபத்தையும் பிறிதோரிடத்திற் கம்பனியின் தனி இலாபத்தையும் வேறுபாடு குறியாது நிறுத்தின், படிப்போன் ஒன்றற்கொன்று முரணிய இரு தொகைகளைக் கண்டு திகைப்பான். மாறுகொளக் கூறல் என்னும் ஐயத்தை அஃது எழுப்பும். செய்திப்பகுதி முதலாண்டில் வாரந்தோறும் வளர்ந்து, பின் திங்கள்தோறும் சுருங்கி, ஈற்றில் நான்காண்டுக்கு முந்திய செய்தியோடு நின்றுவிடுமாயின், சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றத்திற்கு அதனினும் பொருத்தமான உதாரணத்தை உரையாசிரியரும் காட்டியிரார்.

இவையெல்லாவற்றினும் கொடியது மயங்க வைத்தல். அமெரிக்காவின் என்றன் கம்பனி 2000 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கை வெற்றிப் பெருமிதம் ததும்புவது. அதன் உயர் அதிகாரி ஒருவரே நடத்திய கூட்டுமுயற்சிகளோடு கம்பனி செய்த கொடுக்கல் வாங்கல்களும் அவ்வறிக்கையிற் சொல்லப்படாமலில்லை. கணக்குகளுக்குப் பின்னே உள்ள குறிப்பொன்றில், தேர்ந்த கணக்காளரும் பொருள்கொள்ள இடர்ப்படும் வாசகத்திற் சொல்லப்பட்டிருந்தன. 2001 டிசெம்பரில் அக்கம்பனி முறிந்தது. சொல்லியும் சொல்லாதிருத்தல் எனத்தக்க இவ்வித்தை, பொய்யினும் நுண்ணிய தீங்குடையது. பொய்யை வெளிப்பட்டபின் கடியலாம், இதனையோ சட்டப்படி சொல்லிவிட்டோம் என்று காத்துக்கொள்வர்.

இதற்கு மறுதலையான எழுத்தும் உண்டு. 1998 இல் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு, முதலீட்டாளர்க்குத் தெளிவுற எழுதும் முறை குறித்து ஒரு கைந்நூல் வெளியிட்டது. அதற்கு முன்னுரை வழங்கிய வாரன் பஃபெற், ஆண்டறிக்கை எழுதும்போது தம் சகோதரியரோடு பேசுவதாகவே எண்ணிக்கொள்வதாகக் கூறினார். அவர்கள் அறிவிற் சிறந்தவர். ஆயின் கணக்கியலில் வல்லுநரல்லர். அவர் நெடுங்காலம் நடத்திய பேர்க்சயர் ஹதவேயின் இணையத்தளம் படமும் அசைவும் இன்றி, தலைப்புக்களின் வெறும் பட்டியலாகவே பல்லாண்டுகள் விளங்கியது. உலகின் மிகப் பெருங் கம்பனிகளுள் ஒன்றின் முகப்பு, கிராமச் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையினும் எளியது. ஆயினும் 1977 முதல் அவர் பங்குதாரர்க்கு எழுதிய மடல்கள் வரிசை குலையாது அங்கே படிக்கக் கிடைத்தன. தாம் செய்த பிழைகளையும் அம்மடல்களில் அவர் மறைத்தாரல்லர். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு என்னும் அழகுகள் பொருட்செலவால் வருவனவல்ல என்பதற்கு அத்தளம் சான்று.

எனினும் அம்முறையை அப்படியே இங்குக் கொணர்தல் போதாது. இலங்கைக்கு மொழி என்னும் வேறொரு வினாவும் உண்டு. மத்திய வங்கி தன் ஆண்டறிக்கைகளைப் பல்லாண்டுகளாகத் தமிழிலும் வெளியிட்டு வந்துள்ளது. வங்கிகள் சில தம் தளங்களில் மும்மொழிக்கும் இடம் அளித்துள்ளன. பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஏனைக் கம்பனிகளின் அறிக்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. தமிழில் இதற்குச் சொல்லில்லை என்னும் நியாயம் இந்நாட்டிற் செல்லாது. ஐந்தொகை, பங்கிலாபம், ஒதுக்கம், பெறுமானத்தேய்வு, கணக்காய்வு என்னுஞ் சொற்களை வணிகத்துறை மாணவர் கல்லூரி வகுப்பிலேயே கற்றுப் பரீட்சையிலும் எழுதுகின்றனர். தமிழிற் கணக்கீடு கற்றுச் சிறப்புச் சித்தி பெற்ற ஒரு மாணவி, தான் கற்ற கலையைக் கொண்டு தன் நாட்டுக் கம்பனியொன்றின் கணக்கைத் தன் மொழியிற் படிக்க இயலாதிருத்தல் கல்விக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள பெரும் பிளவாகும். முந்நூறு பக்கத்தையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பதன்று கோரிக்கை. காலாண்டுக்கு ஒரு பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் இருப்பின் அதுவே பெரும் பேறு.

சட்டமும் விதியும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. இந்தியாவிற் செபி என்னும் ஒழுங்குமுறை வாரியம் 2015 இல் வகுத்த விதிகள், பட்டியலிடப்பெற்ற கம்பனி ஒவ்வொன்றும் இணையத்தளம் ஒன்றைப் பேணவும் இன்னின்ன செய்திகளை அதில் வைக்கவும் கட்டளையிடுகின்றன. கொழும்புப் பங்குச் சந்தையும் 2023 இல் திருத்திய நிர்வாக விதிகளில், பங்குதாரரோடும் முதலீட்டாளரோடும் கொள்ளும் தொடர்பு பற்றிய கொள்கை ஒன்றைக் கம்பனிகள் வகுத்திருத்தல் வேண்டும் என்று விதித்துளது. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் விதியானது பொருள் உளதா இலதா என்பதைத்தான் அளக்க வல்லது. விளங்குகின்றதா என்பதை அளக்க மாட்டாது. விதிக்கு அடங்கிய பக்கமும் வாசகனுக்கு எட்டாப் பக்கமாகலாம். விதி முடிந்த இடத்திலேதான் எழுதுவோரின் மனச்சான்று தொடங்குகின்றது.

ஆதலின், தளத்தைத் திருத்தியமைப்போர் கைக்கொள்ளத்தக்க முறை இதுவாம். முதலீட்டாளர் பக்கத்தின் தலைப்பிலேயே சென்ற காலாண்டின் வருமானம், இலாபம் அல்லது நட்டம், கடன், பங்கிலாபம் ஆகிய நான்கும் முந்திய ஐந்தாண்டுத் தொகைகளோடு ஒருங்கே நிற்றல் வேண்டும். நல்ல செய்திக்கு எவ்வளவு பெரிய எழுத்தோ, தீய செய்திக்கும் அவ்வளவு பெரிய எழுத்து வேண்டும். கணக்காய்வாளர் ஐயம் தெரிவித்திருப்பின் அது முகப்பிலேயே குறிக்கப்படல் வேண்டும். தொகைகள் படமாக ஒட்டப்படாது எழுத்தாகவே அமைதல் வேண்டும். அப்போதுதான் சிறு திரையிற் படிப்போர்க்கும், கண்பார்வையின்றிக் கருவியின் குரலாற் கேட்போர்க்கும் அவை பயன்படும். தளம் புதிதாகும்போது பழைய அறிக்கைகள் மறைந்துவிடலாகாது. முன்னர் உரைத்ததையும் பின்னர் நிகழ்ந்ததையும் ஒப்புநோக்கவிடாது பழையதை அகற்றுதல், சாட்சியைச் சபையினின்றும் வெளியேற்றுதல் போல்வது. பொதுக்கூட்டத்திற் கேட்கப்பட்ட வினாக்களும் அளிக்கப்பட்ட விடைகளும் அங்கே பதிவாதல் வேண்டும். இப்பழக்கம் யாழ்ப்பாணத்தார்க்கு அந்நியமன்று. கூட்டுறவுச் சங்கத்திற் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து ஒப்புதல் பெற்ற பின்னரே புதுக்கருமம் தொடங்குவர். கோயிற்றிருப்பணிக்கு வரவு செலவு அச்சிட்டு வழங்குவதும் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் கணக்கறிக்கை சமர்ப்பிப்பதும் இவ்வறத்தின் வெவ்வேறு உருவங்களே.

இதற்கு ஒரு தடை எழுதல் கூடும். ஐதராபாத்துச் சத்தியம் கம்பனி 2008 இல் நல்லாட்சிக்கென விருது பெற்றது. 2009 ஜனவரி 7 ஆம் நாள் அதன் தலைவரே கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்டார். எழுத்து எத்துணைச் செம்மையாயினும் உள்ளே பொய்யிருப்பின் பயன் என்னை என வினவலாம். தடை வலியுடையதே. தளத்தின் செம்மை உண்மைக்குப் பதிலாகாது. கணக்காய்வும் ஒழுங்குமுறையும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய தொழிலை எழுத்துச் செய்யாது. ஆயினும் ஒன்றுண்டு. சத்தியத்தின் பொய் அரிதில் நிகழ்வது; த பினான்ஸ் கம்பனியிற்போல உண்மை கணக்கில் இருந்தும் எட்டாது போதலோ அடிக்கடி நிகழ்வது. முன்னதைத் தடுக்க இயலாமை, பின்னதைத் திருத்தாமைக்கு நியாயமாகாது. அன்றியும், தொகைகள் ஆண்டாண்டாக நிரல்பட நிற்கும் பக்கத்திற் பொய்யுரைத்தல், அவை சிதறிக்கிடக்கும் பக்கத்திற் பொய்யுரைத்தலினும் கடினம்.

மடம் என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். அச்சொல்லைத் தன் பெயரிற் கொண்ட ஊரிலிருந்து நோக்குமிடத்து, கம்பனித் தளமும் அத்தகைய ஓரிடமாதல் வேண்டும் எனலாம். வந்தவர் எவராயினும் வாயிலில் நின்று தடுமாறாது, வேண்டியதைப் பெற்று, ஐயம் நீங்கிச் செல்லுதலே மடத்திற்கு அழகு. சித்திர வேலைப்பாடு எத்துணை இருப்பினும், தண்ணீர்ப் பானை எங்குளது என்பது தெரியாதாயின் அது மடமாகாது. மேற்கூறிய ஆசிரியை அம்மையார் சந்தையில் மூட்டையின் அடிக்குக் கையைச் செலுத்துவது வணிகரை அவமதிக்கும் செயலன்று. நேர்மையான வணிகர் அதனை வெறுப்பதுமில்லை, தாமே மூட்டையைச் சரித்துக் காட்டுவர். கம்பனிகளும் அவ்வாறு சரித்துக் காட்டும் நாளிலேயே முதலீட்டாளர்க்கெனத் தளம் திருந்தியது என்று சொல்லுதல் தகும்.