நல்லாப் பாக்குறவர் யார்?

மதுரையில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால், தேடல் பெரும்பாலும் மனநல மருத்துவரிடம் தொடங்குவதில்லை. நெஞ்சு படபடத்தால் இதய மருத்துவர், தலை பாரமாக இருந்தால் நரம்பு டாக்டர், பேச்சும் பார்வையும் மாறினால் பாண்டி கோயில் அல்லது கோரிப்பாளையம் தர்கா. எல்லா இடமும் போய்வந்த பிறகு சொந்தக்காரர் ஒருவர், "அவர்கிட்ட காட்டுங்க, நல்லாப் பாப்பாரு" என்கிறார். அந்தப் பெயரே முடிவாகிவிடுகிறது.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பேச்சு சிகிச்சையில் நம்பிக்கை பாதி மருந்து. 1936-லேயே அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக், வெவ்வேறு சிகிச்சை முறைகள் ஒரேபோலப் பலன் தருவதற்கு அவற்றிடையே உள்ள பொதுக்கூறுகள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 1979-இல் எட்வர்ட் போர்டின், சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்குமான பிணைப்பு.

நம் வழக்கத்தின் பலமும் குறையும் இங்கேயே தெரிகின்றன. "நல்லாப் பாப்பாரு" என்ற சொல் மூன்றாவதைப் பற்றித்தான் பேசுகிறது. அவர் பொறுமையாகக் கேட்பார், திட்டமாட்டார், நம் ஊர்ப் பேச்சு அவருக்குப் புரியும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் எந்தப் பிரச்சினைக்கு, எந்த முறையில் நல்லாப் பார்ப்பார் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

கையைத் திரும்பத் திரும்பக் கழுவும் எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். அழுக்கு ஒட்டியிருக்குமோ என்ற பயத்தை எதிர்கொள்ளவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கும் முறையை 1966-இல் விக்டர் மேயர் பதிவு செய்தார். இன்றும் இந்நோய்க்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சு சிகிச்சை அதன் வழிவந்ததுதான். அது இதமான சிகிச்சையல்ல. முதலில் பதற்றம் கூடும். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்லி அனுப்புபவர் அன்பானவராக இருக்கலாம். ஆனால் அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. பேசியதும் மனம் லேசானது என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இங்கே தவறாகிவிடுகிறது.

மறுபுறம், காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று தூக்கமின்றித் தவிப்பவருக்கு மருந்தே முதலில் வேண்டும், ஆலோசனை பிறகு. இந்த வரிசை மாறும்போது காலம் வீணாகிறது, சில நேரம் உயிரும் போகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த குடும்பங்களும் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் போயிருக்கும். தர்காவுக்கோ கோயிலுக்கோ போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழிபாடு மருந்துக்குத் தடையாகக் கூடாது.

தகுதியும் முக்கியம். கவுன்சலர் என்று யாரும் பலகை மாட்டிவிடலாம் என்ற நிலைதான் நெடுங்காலமாக இருந்துவந்தது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கவேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. இன்னொன்று, நோயாளியோடு அறைக்குள் நுழையும் மாமா, சித்தப்பா கூட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. தனியாகப் பேச ஒரு நிமிடம்கூட ஒதுக்காதவரிடம், கல்யாணமான பெண் எதைச் சொல்ல முடியும்?

காசில்லை என்பதால் தேடலை நிறுத்தவேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; கூட்டம் மிகுதி, நீண்ட பேச்சுக்கு நேரம் குறைவு, ஆனாலும் இது என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அது சரியான வாசல். 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணிகளையும் இங்கே செய்துவருகிறது. 2022 முதல் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சொந்தக்காரர் சொன்ன பெயரைத் தாராளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேளுங்கள்: எனக்கு இருப்பது என்ன, அதற்கு என்ன முறை, எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியவேண்டும், தெரியாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? இவற்றைக் கேட்டுக் கோபப்படுபவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.