அடைக்கலப் பொருள்: திருக்காவலூர்க் கலம்பகமும் மழநாட்டுத் தெய்வ மரபும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, ஆங்கு எழுந்த ஆலயத்து அன்னை மரியாளைப் பாட்டுடைத் தலைவியாகக் கொண்டு வீரமாமுனிவர் (1680-1747) பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். தேம்பாவணியின் பெருமையால் இச்சிறுநூல் மறைப்புண்டு கிடக்கின்றது. இதனைப் பயில்வாரும் ‘கிறித்தவப் பொருளுக்குத் தமிழ்ப் போர்வை’ என ஒரு தொடரால் மதிப்பிட்டு அமைவர். அம்மதிப்பீடு பொருந்தாது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுவது. போர்வையாயின் களைந்துவிடலாம், இந்நூலின் யாப்பையும் தலப்பெயரையும் களைந்தபின் எஞ்சுவது யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கலம்பகம் பாடப்படுவார்க்கேற்பப் பாடல் தொகை வகுத்துக்கொண்ட இலக்கியம். தேவர்க்கு 100, அரசர்க்கு 90, வணிகர்க்கு 50 எனப் பாட்டியல் நூல்கள் வரையறுக்கும். அம்மானை, ஊசல், மறம், குறம், தூது என அதன் உறுப்புகள் யாவும் ஊரும் ஆறும் தெருவும் மக்களும் உடைய ஒரு தலைமையை வேண்டி நிற்பன. ஊரில்லாத் தெய்வத்தைக் கலம்பகம் பாடுதல் அரிது. ஆகவே முனிவர் முதற்கண் செய்தது ஊரைப் படைத்தல். எங்கும் நிறைந்த இறைவனுடைய தாய் என்று திருச்சபை போற்றும் அன்னை, ஈண்டுக் காவலூர்க்கு உரியவள் ஆகின்றாள். இம்மாற்றம் சொல்லளவில் நிற்பதன்று. தலைவியின் இயல்பையே தொட்டு மாற்றுவது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவ்வன்னை பெரியநாயகி எனப் பெயர் பெற்றமையும் இத்தகையதே. கங்கைகொண்ட சோழபுரத்து அம்மைக்கும் அதுவே பெயர் என்பதை அரியலூர் வட்டாரத்தார்க்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஏலாக்குறிச்சி அன்னையின் வழக்குப் பெயர் அடைக்கல மாதா. இது மொழிபெயர்ப்பே என ஒருவர் தடை எழுப்பலாம். பாவிகளின் அடைக்கலமே என்னும் விளி மேலைநாட்டு மாதா மன்றாட்டுமாலையில் உண்டு என்பது மெய். ஆயினும் தமிழில் அடைக்கலம் என்னும் சொல் முன்னரே நெடிய வாழ்வு உடையது. ஒருவர்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருளும் அடைக்கலம். ஒப்புவிக்கப்பட்ட உயிரும் அடைக்கலம். அஞ்சினான் புகலிடம் எனக் கல்வெட்டுகள் சில ஊர்களைக் குறிப்பது இவ்வறத்தின் ஆட்சி வடிவம்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கின்றார். ஒப்புவித்தவர் சமணத் துறவி. ஏற்றவள் மாயோனை வழிபடும் ஆயர்குலத்து முதியாள். சமயம் கடந்து ஓர் உயிர் கைமாறுகின்றது. இருவரும் தம் சமயத்தை விட்டொழித்தாரில்லை. அடைக்கலம் இழந்தமை பொறாது மாதரி தீயிற் புகுந்ததனை நீர்ப்படைக் காதை உரைக்கும். ஏற்றவர் உயிரைப் பிணையாக வாங்கும் கடமை அது. முனிவர் சிலப்பதிகாரம் கற்றார் என்று நிறுவுதல் எம் கருத்தன்று. சொல் நாட்டில் இருந்தது. நாட்டில் வாழ்ந்தவர்க்கு அது கிட்டிற்று.

இச்சொல்லின் பொருள் மழநாட்டில் எவ்வாறு வாழ்கின்றது என்பதற்குப் பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் தக்க சான்று. மதுரையை எரித்த கண்ணகியே சினந்தணியாது வடக்கே வந்து மதுரகாளியாக அமர்ந்தாள் என்பது தலமரபு. ஆங்கு முன்னரே இருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவனால் துன்புற்றிருந்த அவளிடம் வந்தவள் தங்க இடம் கேட்டாள், அவனை அழித்தாள். செல்லியம்மன் அவ்விடத்தை அவளுக்கே விட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். இன்றும் தீபவழிபாட்டில் முதன்மை மலையிலுள்ள செல்லியம்மனுக்கே என்பர். இக்கதையில் இடம் கேட்டு வந்தவள் காவல் தருபவளாகின்றாள். இடம் தந்தவள் அகல்கின்றாள். அகன்றவளை வழிபாடு மறக்கவில்லை.

ஏலாக்குறிச்சியிலும் இம்முறைமையே காண்கின்றோம். கடல் கடந்து வந்த தெய்வத்தாய், பாளையங்கள் பூசலிட்ட நிலையிலா நாளில், இடம் வேண்டி வந்தவள். அவளே அடைக்கலம் அருள்பவள் எனப் பாடப்படுகின்றாள். அரியலூர் மழவராயர் ஒருவர் பிளவை நோய் நீங்கப் பெற்று நிலம் ஈந்தார் என்னும் தலமரபும் நோய்தீர்க்கும் அம்மனுக்கு ஊர்த்தலைவன் மானியம் விடும் பழைய கதையின் வார்ப்பே. கன்னிமரியாள் அம்மன் ஆனாள் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. அம்மனுக்குரிய கடமைகள் அவள்மேல் வந்து பொருந்தின. அவற்றைச் சொல்லுதற்குக் கலம்பகம் இடம் கொடுத்தது.

முனிவர் பாடிய கித்தேரியம்மாள் அம்மானையை இதனோடு சேர்த்துக் கற்றல் நன்று. தலை துணிக்கப்பட்டு இறந்த கன்னியின் வரலாறு அது. கொலையுண்ட பெண்ணைத் தெய்வமாக்கும் வழக்கம் தமிழ் ஊர்கள் பலவற்றில் உண்டு. மகளிர் விளையாட்டிற் பிறந்து கதைப்பாடலாய் வளர்ந்த அம்மானை அத்தகைய கதைக்கு இயல்பாக வாய் திறக்கும். வேற்றுநாட்டு மறைசாட்சி ஒருத்தி தமிழ்ப் பெண்டிர் நாவிற் புகுவதற்கு விருத்தப்பாவினும் இவ்வடிவே ஏற்றது என முனிவர் தெரிந்தமை அவர் புலமைக்கு உயர்ந்த சான்று என்பேம். தேம்பாவணியைப் பாடியவர் அவர் ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயரே என்றொரு பழைய ஐயம் உண்டு. விருந்தினர் வீட்டு வழக்கைக் குற்றமறக் கற்றுவிட்டால் இத்தகைய ஐயம் எழுதல் இயல்பே.

ஒப்புநோக்கிற்கு ஆப்பிரிக்கக் கருப்பின மக்களின் சமய வரலாறு பெரிதும் துணைசெய்யும். கியூபாவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட யொரூபா மக்கள் வழியில், ஆற்றுத் தெய்வமாகிய ஓசூனும் எல்கோப்ரே ஊரின் கருணை மாதாவும் இணைத்துப் போற்றப்படுகின்றனர். போர்வை என்னும் சொல் ஓரளவு ஆங்குப் பொருந்தலாம்; தம் தெய்வத்தை வெளிப்படத் தொழ அடிமைக்கு உரிமையில்லை. காவலூரில் போர்வை வேண்டியவர் யார்? பழைய தெய்வத்தார்க்கு மறைக்க வேண்டிய நெருக்கடி இல்லை. வடிவத்தைத் தெரிந்தெடுத்தவர் வந்தவரே. இவ்வேறுபாட்டை நோக்காது இரண்டையும் ‘கலப்பு’ என்று ஒரு பெயரால் வழங்குதல் ஆராய்ச்சிக்கு உதவாது.

யொரூபா நாட்டிலேயே நிகழ்ந்தது இன்னும் நுண்ணியது. 1822இல் அடிமைக் கப்பலினின்று மீட்கப்பட்டு, 1864இல் ஆயராகிய சாமுவேல் அஜாயி கிரௌதர் விவிலியத்தை அம்மொழியிற் பெயர்க்க முற்பட்டபோது, இசுலாம் முன்னரே ஆங்கு வேரூன்றியிருந்தது. ஆகலின் கிறித்தவக் குருவுக்கும் வேண்டுதலுக்கும் இசுலாமியர் வழங்கிய ‘அலுஃபா’, ‘அதுரா’ என்னும் சொற்களே அமைந்தன. பரம்பொருளுக்குப் பழஞ்சமயத்து ‘ஓலோருன்’ நின்றது. ஆனால் வழித்தூதும் சூழ்ச்சியும் உடைய எசு என்னும் பழந்தெய்வத்தின் பெயர் சாத்தானுக்கு ஆயிற்று. பழஞ்சமயத்தார் இதனை இன்றும் குறையாகக் கூறுவர். ஒரே மொழிபெயர்ப்பில் ஒரு தெய்வப் பெயர் அரியணை ஏறவும் மற்றொன்று நரகில் வீழவும் காண்கின்றோம்.

இந்நாட்டிலும் அது நிகழாமலில்லை. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய நூலில் ஊர்த்தெய்வ வழிபாட்டைப் பேய்வழிபாடு என்றே குறித்தார். வீரமாமுனிவரும் சமயத் தொண்டர். பிற தெய்வங்களை மெய்யெனக் கொண்டவரல்லர். கலம்பகத்தின் விருந்தோம்பலை அவர் கொள்கையின் விருந்தோம்பலாக மயங்கலாகாது. யாப்பு இடங்கொடுத்த அளவு கொள்கை இடங்கொடுக்கவில்லை.

தமிழ் இசுலாமிய இலக்கியத்தில் அடைக்கலம் வேறு வழியில் நிகழ்கின்றது. உருவ வழிபாட்டை விலக்கிய சமயமாதலின் தலத்தாய் ஆங்கு இல்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டின்மேல் தமிழ் மழையைப் பொழிவித்து மருதம் காட்டினார். நிலமே அடைக்கலம் தந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) இன்னும் துணிந்து, சைவம் சத்திக்கு வழங்கும் மனோன்மணி என்னும் பெயரையே தம் கண்ணிகளுக்குத் தலைமையாக்கினார். பெரம்பலூர் வட்டாரத்து லெப்பைக்குடிக்காடு முதலாய ஊர்களின் நாட்டுப்பாடல்களும் தாலாட்டுகளும் இந்நோக்கில் தொகுத்து ஆராயத் தக்கன.

இலக்கியத்தில் கண்ட இணக்கத்தை ஊர்வாழ்வின் நிலையாக எடுத்துக்கொள்ளுதலும் பிழையாம். அதே வட்டாரத்து வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் செல்லும் தெருக்கள் பற்றி இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் எழுந்த வழக்கில் 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஊசலும் அம்மானையும் பகிர்ந்துகொள்ளக் கூடியவை. தெரு அத்துணை எளிதிற் பகிரப்படுவதில்லை. சிறுவாச்சூர்க் கதையிலும் இருவர் ஓரிடத்து ஒருங்கு அமர்ந்தாரில்லை. ஒருத்தி மலையேற வேண்டியிருந்தது.