உப்புக் காலும் பூவரச வேலியும்

குப்பைமேனி இலையோடு கல்லுப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசினால் சொறி சிரங்கு ஓடிப்போகும். தமிழ்நாட்டில் இந்தக் கைவைத்தியத்தைக் கேள்விப்படாத வீடு இருக்காது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் நானும் இதைச் சொல்லித் தொலைத்தேன். விரலிடுக்கில் வெடித்து, ஓரம் வெளுத்துப் போயிருந்த தன் காலை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "அது ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கு சார். எங்களுக்கு உப்பு கால்லயே கெடக்கு. அத வேற அரைச்சிப் போடணுமா?"

கைவைத்தியக் குறிப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். மருந்து யாருடைய தோலுக்கு என்பது அவற்றில் இருப்பதில்லை.

பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் மரக்காணம். பக்கத்திலேயே கழுவெளிச் சதுப்புநிலம். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் பாத்திகளில் வேலை ஆரம்பம். ஐப்பசி மழை வரும்வரை ஓயாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். உப்பு படியும் கடைசிப் பாத்தியின் நீரில் அது 250 கிராமையும் தாண்டிவிடும். அந்த நீரில் நிற்கிற கால் தன் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். தோல் காய்ந்து தடித்து வெடிக்கும். வெடித்த இடத்துக்குள் அதே நீர் புகும், மறுநாளும் புகும். காயம் சீழ் பிடிக்க உப்பு அவ்வளவாக விடாது, ஆனால் ஆறவும் விடாது. "பூட்ஸ் போட்டா?" என்று கேட்டேன். உள்ளே தண்ணீர் போய்விட்டால் வெறுங்காலே தேவலை என்றார். மழை வந்து அளம் மூடினால் வேலை போகும், கால் ஆறும். அந்த மாதங்களுக்கு அரசு தருகிற நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய்.

அவருடைய மருந்து, மடியிலிருந்து எடுத்த சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தது. தேங்காயெண்ணெயில் மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டுக் காய்ச்சி, மஞ்சள்தூள் கலந்தது. இரவில் வெடிப்பில் அப்பிக்கொள்வார், விடியலில் பாத்தியில் இறங்குமுன் மறுபடி ஒரு பூச்சு. தோல் மருத்துவரிடம் காட்டினாலும் குறை சொல்லமாட்டார். மெழுகு ஈரத்தை உள்ளே பூட்டும், வெளியிலிருந்து உப்புநீரைத் தடுக்கும். தேங்காயெண்ணெய் வறண்ட தோலுக்கு உதவுகிறது என்பதைப் பிலிப்பைன்ஸில் கரப்பான் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒப்பிட்ட ஆலிவ் எண்ணெயை அது முந்தியது.

இந்தக் கரையில் நின்றபோது எனக்கு எதிர்க்கரை நினைவு வந்தது. நாம் கைவைத்தியம் என்பதை யாழ்ப்பாணத்தில் கைமருந்து என்பார்கள். சிங்களத்தில் 'அத் பெஹெத்'. அதற்கும் கைமருந்து என்றே பொருள். மூன்று பேச்சிலும் மருந்துக்கு முன்னால் கை வந்து நிற்கிறது. செடிகளும் பெரும்பாலும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து வளவுகளின் வேலியில் பூவரசும் கிளுவையும் ஆடாதோடையும் நிற்கும். மரக்காணத்திலிருந்து தெற்கே கடலோரம் நடந்தாலும் பூவரசு இல்லாத குப்பம் குறைவு. பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைப் படைக்கும் தேமலுக்கும் தடவுவது இரு கரைக்கும் பொது. படர்தாமரைக்கு நாம் வண்டுகொல்லி என்று தேடிப்போகிற செடியைச் சிங்களவர் 'எத்தோர' என்கிறார்கள். புன்னை, புங்கு, வேம்பு எல்லாம் அப்படியே. புன்னையெண்ணெயைப் பசிபிக் தீவுகளின் பெயரால் 'டமானு' என்று சின்னக் குப்பிகளில் அடைத்துப் பெருநகரக் கடைகளில் விற்கிறார்கள். நம் கரையில் அது விளக்குக்கும் படகுக்கும் போன எண்ணெய்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? 'அரப்பு' என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். கொங்குநாட்டில் அரப்பு என்றால் உசிலை இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. யாழ்ப்பாணத்தில் அரப்பு என்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. இரண்டும் தலையில் வைத்த எண்ணெயை எடுக்கத்தான். அங்கே 'குளிப்பது' வேறு, 'முழுகுவது' வேறு. முழுகுவதென்றால் தலையோடு, எண்ணெயும் அரப்பும் வைத்து, நேரமெடுத்துச் செய்வது. நம் 'எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்' அந்தச் சொல்லின் கனம் இல்லை. பழக்கமும் மெல்ல நழுவிவிட்டது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துக்கொள்கிற ஆண்கள் இன்று எத்தனை பேர்? தீபாவளி விடியலில் மட்டும் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய், பிறகு லேகியம், பிறகு தொலைக்காட்சி.

ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் துவாயும் கையுமாகக் கிணற்றடிக்குப் போனவனை நண்பரின் தாயார் நிறுத்தினார். "மருத்துநீர் வையாமல் முழுகக் கூடாது தம்பி." முதல்நாளே கோயிலிலிருந்து வாங்கி வைத்திருந்த செம்பை எடுத்தார். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, பால், கோரோசனை, குங்குமப்பூ, பச்சைக்கர்ப்பூரம் என்று நீளும் பட்டியலைக் காய்ச்சி எடுத்த நீர். தலையில் ஓர் இலை, காலடியில் வேறோர் இலை. எந்த ஆண்டுக்கு எந்த இலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வைக்கலாம் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம், திருக்கணிதம் ஒரு நேரம் என்று கொஞ்சம் முன்பின்னாகச் சொல்வதும் உண்டு. அதன்பொருட்டு வீட்டுக்குள் சிறு விவாதமும் உண்டு. மூத்தவர் இளையவர் தலையில் வைப்பார். பிறகுதான் முழுக்கு.

சிங்களப் புத்தாண்டில் இதற்கு உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கும் 'ஹிஸ தெல் காம' சடங்குக்கும் சுபநேரம் பார்க்கிறார்கள், தலைக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாக இலை குறிக்கிறார்கள். 'நானு' என்ற மூலிகைக் குழம்பும் உண்டு. போரில் எதிரெதிரே நின்ற இரண்டு சமூகங்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஏறக்குறைய ஒரே மருந்தைத் தலையில் வைத்துக்கொள்கின்றன. அதே சித்திரை முதல்நாளைக் கொண்டாடும் தமிழ்நாட்டில் மருத்துநீர் கிடையாது. நம் கோயில்கள் விபூதி தருகின்றன, தீர்த்தம் தருகின்றன. ஊருக்கே தோல்மருந்து காய்ச்சித் தரும் வழக்கம் இங்கே இல்லை. நமக்கு அந்த இடத்தில் இருப்பது ஆடி மாத வேப்பிலையும் கூழும், மாரியம்மனும். அம்மை போட்டால் வேப்பிலைப் படுக்கை, மஞ்சள் நீர், மூன்றாம் தண்ணீர். ஈழத்தில் கொப்புளிப்பான் என்றால் இங்கே சின்னம்மை, பெயர்தான் மாறுகிறது. இரண்டு கரையும் அதை அம்மனின் வருகையாகவே பார்த்தன. நோயாளியைத் தனியறையில் வைத்து, தொட்டுப் பழகாமல் பார்த்துக்கொண்டது பக்தியின் பக்கவிளைவு என்று தோன்றும். அதுதான் அசல் மருந்து என்பேன்.

இன்னொரு வேறுபாடு வாயில் இருக்கிறது. வல்லாரையை நாம் ஞாபகசக்தி மாத்திரையாக்கிப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இலங்கையில் அது சாப்பாட்டுத் தட்டில் கிடக்கிறது: வல்லாரைச் சம்பல், சிங்கள வீட்டில் 'கொட்டுகொல' சம்பல், காலையில் இலைக்கஞ்சி. காயம் பட்டால் மரமஞ்சள் தண்டையும் கொத்தமல்லியையும் அவித்துக் குடிப்பது அங்கே பழக்கம். 'வெனிவெல்கெட்ட' என்று சந்தையில் துண்டு துண்டாக விற்கும். மழைக்காட்டில் படரும் கொடி அது, நம் வறண்ட கிழக்குக் கரையில் வராது. நம்மிடம் கீரைக்குப் பஞ்சமில்லை, ஆனால் தோலில் ஏதாவது வந்தால் நம் கை அம்மிக்கோ எண்ணெய்ச் சட்டிக்கோதான் போகிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறியதும் காளாஞ்சகப்படைக்குப் பூசுகிறோம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவன வாசலில் காத்திருப்போரிடம் கேட்டால் வெட்பாலை என்ற பெயரை நிச்சயம் யாராவது சொல்வார்கள். ஈழத்திலும் சித்தம் படிப்பாகவே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984-லிருந்து கற்பிக்கிறார்கள், கைதடியில் மருத்துவமனை உண்டு. பரராசசேகரம், செகராசசேகரம் என்ற அவர்களுடைய மருத்துவ நூல்களை இங்கே சித்த மாணவர்களுக்கு வெளியே அறிந்தவர் அரிது.

கைமருந்து கடைக்குப் போன கதையில் இரண்டு நாடும் ஒரே பாதையில்தான் நடந்தன. கல்கத்தாவில் வேப்பெண்ணெயைக் கொண்டு மார்கோ சோப்பு வந்தது. இலங்கையில் 1941-ல் தொடங்கிய சுவதேசி நிறுவனம் 'கொஹொம்ப' என்று வேம்பின் சிங்களப் பெயரையே சோப்புக்கு வைத்தது. எனக்குப் பிடித்தது மெடிமிக்ஸின் கதை. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், ரயில்வே தொழிலாளர்களின் தோல் நோயைப் பார்த்துத்தான் 1969-ல் அந்தப் பச்சை சோப்பை உருவாக்கினார். அழகுக்காக இல்லாமல் வேலை கெடுத்த தோலுக்காகப் பிறந்த சோப்பு. உப்பளக் காலுக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

மஞ்சள் கதையையும் சொல்லிவிடுகிறேன். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து முறையிட்டு 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. வெற்றியை நாம் கொண்டாடினோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தது. கொரோனா வந்தது, வாசலில் தெளிக்கவும் குடிக்கவும் மஞ்சள் தேடினார்கள், விலை எகிறியது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து இரவில் படகேறிய மூட்டைகளில் இருந்தது மஞ்சள். தங்கமும் பீடி இலையும் பிடித்துப் பழகிய அதிகாரிகள், வரிசையாக அடுக்கிய மஞ்சள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சரக்கு அந்தக் கரையில் கடத்தல் பொருள்.

இவ்வளவையும் ஆசையோடு சொல்கிறவன் சில இடத்தில் கறாராகவும் இருக்கவேண்டும். வேப்பெண்ணெயைத் தோலில் தடவுவது ஒன்று, குழந்தைக்கு வாயில் ஊற்றுவது வேறு. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் கைக்குழந்தைகள் அப்படி ஊற்றியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி இல்லை என்றால் அது தேமல் இல்லை. பூவரசம்பால் தேடாமல் தொழுநோய் சிகிச்சைக்குப் போகவேண்டும், மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும். அதைவிட அன்றாட ஆபத்து மருந்துக்கடை டியூப். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், இரண்டு மாதத்தில் உடம்பெல்லாம் படரும். வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சைக்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து 'இந்தோடினியே' என்று 2020-ல் பெயர் வைத்தார்கள். இன்றைய வீட்டுவைத்தியத்தில் பாதி இந்த டியூப்தான். பாட்டிகளைக் குறை சொல்ல முடியாது.

மறுபடி வரப்புக்கு வருகிறேன். அரப்போ வேப்பிலை நீரோ மருத்துநீரோ, நான் மேலே எழுதிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வளவுக்கு ஒரு கிணறு, அதனால்தான் 'முழுக்கு' என்ற சொல்லே அங்கே அவ்வளவு கனத்தோடு தங்கியது. அளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், காலில் ஊற்ற ஒரு செம்பு இல்லை. குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலில் மிச்சமிருந்தால் உண்டு. வீட்டுக்கு நடந்துபோய்ச் சேரும்வரை உப்பு வெடிப்புக்குள் காய்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கால் கழுவ முடிந்தால், மெழுகெண்ணெய்க்குப் பாதி வேலை குறையும்.

நான் அந்த அம்மாவிடம் எதிர்க்கரையின் ஆனையிறவைப் பற்றிச் சொன்னேன். 1990-ல் போரால் மூடிய உப்பளம், மறுபடி உப்பு விளைகிறது, 2025-ல் தொழிற்சாலை திறந்தபோது பொட்டலத்துக்கு 'ரஜ லுணு' என்று சிங்களத்தில் பெயர் வைத்ததால் ஆனையிறவு உப்பு என்றே வேண்டும் என்று தமிழர்கள் குரல் கொடுத்தார்கள் என்றெல்லாம். மருத்துநீரையும் சொன்னேன். தலையில் ஓர் இலை, காலில் ஓர் இலை என்றதும் கொஞ்சம் ஆர்வமாகக் கேட்டார். பாட்டிலை மூடி மடியில் செருகிக்கொண்டு எழுந்தவர், உப்பு வாரும் பலகையைக் கையிலெடுத்தபடி கேட்டார்: "அந்த ஊர் அளத்துல கால் கழுவறதுக்குத் தண்ணி வெச்சிருக்காங்களா சார்?"