கடலரசன் அவையும் குரூக்சாங்கின் நகையோவியமும்

அங்கத ஓவியங்களை ஆராயப் புகுவோர், எள்ளப்படுவோர் யாவர் என்னும் வினாவோடு அமைந்துவிடுதல் பெருவழக்கு. எள்ளுவோன் எங்கு நின்று எள்ளுகின்றான் என்பதும் உடன் எழுப்பத்தக்க வினாவாகும். ஜார்ஜ் குரூக்சாங்க் செதுக்க, 1825-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த 'நடுக்கோடு கடத்தல்' என்னும் செப்புத்தகட்டு ஓவியம் இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

படத்தின் கருத்து கடற்படைத் தலைவர் பிரடெரிக் மாரியட்டினுடையது. இருவரும் 1792-இல் பிறந்தோர். குரூக்சாங்க் இலண்டன் நகரத்து ஓவியர்; கப்பல் வாழ்வை அவர் பிறர்வாய்க் கேட்டே அறிந்தவர். மாரியட்டோ 1806 முதல் கப்பல் தளத்தில் வளர்ந்தவர். பின்னாளில் கடற்கதைகளால் புகழெய்தியவர். ஆகவே, கண்டவன் கருத்தும் காணாதவன் கையும் கூடிப் பிறந்த படம் இது.

நிலநடுக்கோட்டை முதன்முறை கடப்போரைக் கடலரசன் நெப்டியூன் தன் அவைக்கு அழைத்தல் ஐரோப்பியக் கப்பலோரின் பழைய வழக்கு. (சூயசுக் கால்வாய் 1869-இல் திறக்கப்படுமுன், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கு வந்த கப்பல்கள் இக்கோட்டை இருமுறை கடந்தன என்பதும் ஈண்டு நினையத்தக்கது.) பழைய மாலுமி ஒருவன் முடியும் தாடியும் புனைந்து அரசனாவான்; மற்றொருவன் பெண்வேடம் பூண்டு அரசியாவான்; காவலரும் நாவிதனும் உடன் தோன்றுவர். புதியவன் முகத்தில் கீலும் அழுக்கும் குழைத்துப் பூசிப் பீப்பாய்ப் பட்டையிரும்பால் மழித்து, நீரில் தள்ளுவர். சாராயமோ காசோ கொடுத்துத் தப்புதலும் உண்டு. கொடுக்க இயலாதவனே முழுச்சடங்கும் பட்டான்.

இச்சடங்கே ஓர் அங்கதம் என்பதை நம் திறனாய்வு மறத்தலாகாது. கசையடியால் ஒழுங்கு காத்த கடற்படையில், தண்டிக்கப்படுவோர் ஒருநாள் தண்டிப்போராக நடித்தனர். அரசவை, வழக்குமன்றம், காவல் ஆகிய அனைத்தும் கந்தல் உடுத்து வந்து நகைக்கப்பட்டன. எனவே குரூக்சாங்க் வரைந்தது மாலுமியரின் முரட்டுத்தனத்தை மட்டுமன்று. அவர்தம் அங்கதத்தின்மேல் எழுந்த மற்றோர் அங்கதத்தை எனல் பொருந்தும்.

நகைக்கு எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் நிலைக்களன் எனக் கூறுவர் தொல்காப்பியர். பிறரைத் தான் எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல் என எள்ளலை இருவகைப்படுத்துவர் உரையாசிரியராகிய பேராசிரியர். நம் படத்தைப் புரிந்துகொள்ள இப்பகுப்பினும் சிறந்த கருவி யான் அறிந்தவரை இல்லை. மழிப்புண்டவன் அடுத்த முறை மழிப்போரிடையே நிற்பான், எள்ளப்பட்டவனே எள்ளுவோனாவான். மாரியட்டும் அக்கூட்டத்துள் ஒருவர். நகை கூட்டத்தின் உள்ளிருந்தே எழுதலின் படத்தில் ஆரவாரம் உண்டு, வெறுப்பு இல்லை.

இம்முடிபு பொருந்துமா என்பதை அதே இருவரின் மற்றொரு படம் காட்டும். 1819-இல் மாரியட்டின் கருத்தைத் தழுவிக் குரூக்சாங்க் செதுக்கிய 'புதிய ஒன்றியக் கழகம்', அடிமை ஒழிப்பாளரையும் கறுப்பின மக்களையும் இழித்துக் காட்டுகின்றது. மாரியட்டின் தந்தை மேற்கிந்தியத் தீவு வணிகரின் நலங்காத்தவர் என்பதை அறிந்தார்க்கு அப்படம் வியப்பளிக்காது. கோட்டின் வன்மையும் நெருங்கிய கூட்டத்தை அமைக்கும் திறனும் ஈரிடத்தும் ஒன்றே. ஆயினும் 1819-ஆம் ஆண்டுப் படத்தில் எள்ளப்படுவோர்க்கு உடன் நகும் உரிமையில்லை. அதனைக் காலத்தின் குறை என்று கூறி ஒதுக்குவாரும் உளர். வில்பர்போர்சு முதலியோர் அக்காலத்தவரே ஆதலின் அவ்விடை செல்லாது.

இனி, 1825-ஆம் ஆண்டுப் படமும் முற்றும் குற்றமற்றதன்று. 1832 பிப்ரவரி 17-இல் 'பீகிள்' கப்பலில் இச்சடங்கிற்கு உட்பட்டார் இளைஞர் சார்லசு டார்வின். கண் கட்டப்பட்டுக் கீலும் வண்ணமும் பூசப்பெற்று மழிக்கப்பட்டதை அவர் நாட்குறிப்பில் வரைந்துள்ளார். தமக்கு நேர்ந்தது மென்மையானதே என்றும், ஏனையோர் வாயிலும் அழுக்குக் கலவை திணிக்கப்பட்டது என்றும் அவர் குறிக்கின்றார். தலைகீழாக்கப்பட்ட அவையிலும் மேலோர் கீழோர் வேற்றுமை முற்றும் அழியவில்லை என்பது இதனாற் புலனாகும். கப்பல் தலைவர் பிட்சுராய் இவ்வழக்கத்தை விரும்பத்தகாதது எனக் கருதியும் தடுத்தாரில்லை. அக்கப்பலில் ஓவியராயிருந்த அகசுடசு இயர்லின் படம் 1839-இல் பிட்சுராயின் பயணநூலில் செதுக்கோவியமாக வெளிவந்தது. நகைத்திறத்தில் அது குரூக்சாங்கின் படத்தோடு ஒப்பதன்று. ஆனால் உடனிருந்து கண்டவனின் சான்றாக நிற்கின்றது. குரூக்சாங்கின் கோடு துள்ளியோடுதலின், மழிப்புண்பவன் துன்பம் நம் கண்ணில் தங்குமுன் நகையாக மாறிவிடுகின்றது. காசு கொடுத்துத் தப்பியவன் யாவன், தப்ப இயலாதவன் யாவன் என்பதை அப்படம் வினவுவதில்லை. அதிகாரியாகிய மாரியட்டிற்கு அவ்வினா எழாதது இயல்பே.